அம்மா மேலே, நான் கீழே

பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மர்பி டவுனில் எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்தவர்களில், ஏறிய விமானம் இறங்கும்வரை பொறுக்காமல் நடுவானத்தில் கதவைத் திறந்து வெளியே குதிப்பவள் நான் ஒருத்திதான். போட்டிக்கு இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் சொல்லிக்கொடுக்கத் தயார். ஆனால் முதலில் குதித்தது நான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்து அதில் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். "உனக்குச் சம்பளம் குடுக்கலைன்னாலும் அதைத்தானடி செய்வ" என்பாள் அம்மா. முதன்முதலாகக் குதிக்கக் கற்றது தாய்லாந்தில். வீட்டில் "ட்ரெய்னிங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். கம்பெனி அனுப்புகிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை. திரும்பி வந்து பெட்டியிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்துக் காட்டியபோது அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இதை வெச்சு ஸ்கூட்டர் ஓட்டலாமா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து சொந்தமாக ஒரு பாராசூட் வாங்கினேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளும் சமையலறையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பாராசூட் மடிப்பதற்கென்றே கட்டியது போல வாய்த்துவிட்டது. துணியை முன்னறையில் விரித்தால் கயிறுகள் நடு அறையைத் தாண்டிச் சமையலறை வாசல்வரை போகும். ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்து, துணியைப் பட்டுப்புடவைக் கொசுவம் போல அடுக்கி, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றிப் பைக்குள் திணிக்க வேண்டும். அவரவர் பாராசூட்டை அவரவரே மடிப்பதுதான் எங்கள் கூட்டத்தில் மரியாதை. நான் மடிப்பதைப் பார்த்து ஆண்கள் வந்து சந்தேகம் கேட்பார்கள். அவ்வளவு சுத்தம்.

"இன்னாடி இது, அடுப்பாண்ட போறதுக்குக்கூட உன் கயித்தைத் தாண்டித்தான் போணுமா?" என்று அம்மா கத்துவாள். ஆனால் ஒருநாளும் மிதித்ததில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கயிறாகத் தாண்டுவாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஷாமியானா கடை வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, அவ சாவுக்குப் போட அவளே வாங்கி வெச்சிருக்கா" என்றாள் அம்மா. "மா, வாயைக் கழுவு மொதல்ல" என்றேன் நான். அக்கா தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா சும்மா பயப்படுகிறவள் இல்லை. வேலை முடித்து ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் ஆயாவாக இருந்தவள். இந்த ஊரில் கட்டிடங்கள் உயர உயர, மேலிருந்து விழுந்தவர்களை அவள் வார்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். சாரத்திலிருந்து விழுந்தவர், லிஃப்ட் குழியில் விழுந்தவர், தண்ணீர்த் தொட்டி கழுவப் போய் விழுந்தவர். உடம்பு எப்படி எப்படியெல்லாம் உடையும் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் போய் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்ல எனக்கே வாய் வராது.

இதற்கு நடுவில் தலையில் கேமரா மாட்டும் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. அதை எடுத்தவுடன் மாட்டிவிட முடியாது. இருநூறு குதியாவது முடித்திருக்க வேண்டும். தலையில் கேமரா இருந்தால் மனசு அதன் பின்னால் போய்விடும், கயிறு எதையாவது பிடித்து இழுத்துவிடும் என்பதால் அந்தக் கண்டிப்பு. நான் முடித்தேன், மாட்டினேன். ஹெல்மெட்டின் உச்சியில் கேமரா, இடைவெளி தெரியாமல் சுற்றிலும் டேப். தாடைக்குக் கீழே ஒரு சின்ன நாடா. கயிறு சிக்கினால் அந்த நாடாவை இழுத்து ஹெல்மெட்டையே கழற்றிவிடலாம். கேமரா தலையில் இருந்தால் தலைதான் கேமரா. சிரித்தால் படம் குலுங்கும், தலையாட்டினால் வானம் ஆடும். பழகிப் பழகி ஆபீஸ் மீட்டிங்கில்கூட நான் தலையாட்டுவதை விட்டுவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும்!

கொஞ்ச காலத்தில் முதல்முறை குதிக்க வருகிறவர்களைப் படம் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அவர்களை ஒரு பயிற்சியாளர் தன் உடம்போடு கட்டிக்கொண்டு குதிப்பார். அவர்களுக்கு எதிரே நான் விழுந்துகொண்டே அவர்கள் முகத்தை எடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்த கல்லூரிப் பிள்ளைகள், அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு வந்த தம்பதி, சாமி பேரைச் சொல்லிக்கொண்டே குதித்த வக்கீல் என்று எத்தனையோ முகங்கள். நான் எடுத்த படத்தில் தன் முகத்தைப் பார்த்து அழாதவர் குறைவு. ஒரே ஒரு முகம்தான் எனக்கு வாய்க்காமலே இருந்தது.

நான் குதிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சாப்பிட மாட்டாள். நான் தரையிறங்கி போன் பண்ணும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். அப்படி ஒரு ஞாயிறு, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறாள். நான் வந்து சேர்ந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "நீ மேலேருந்து விழற, நான் கீழேருந்தே விழறேன். சரியாப் போச்சா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் எல்லார்மேலும் வந்தது. "நான் இன்னா செய்யறேன்னு பாக்காமலே ஏன்மா இப்படி உசிரை விடற? ஒரு தடவ வா. என்கூட குதி. குதிச்சிட்டு வேணாம்னு சொல்லு, அன்னிக்கே விட்டுடறேன்" என்று கத்திவிட்டேன். வாய்தான் சொன்னது. அம்மா வருவாள் என்று யார் கண்டது?

அம்மா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "வரேன். ஆனா என் வாயால வேணாம்னு வந்துச்சின்னா அந்தப் பையை வித்துடணும். அப்புறம் ஞாயித்துக்கிழமைல மார்க்கெட்டுக்கு என்கூட வரணும்."

"சரி" என்றேன். எனக்கென்று இந்த உலகத்தில் நானே சம்பாதித்துக்கொண்டது அந்த வானம் ஒன்றுதான். அதை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

டாக்டரிடம் போய் எல்லாம் சோதித்து, "தாராளமாகப் போகலாம்" என்று வாங்கிக்கொண்டோம். நான் குதிக்கும் விமானத் தளத்துக்கு மைசூரு சாலையில் விடிகாலையில் வண்டியை விட்டோம். வழியில் ஒரு ஓட்டலில் அம்மா மூன்று இட்லி சாப்பிட்டாள். நான் குதிக்கப் போகும் நாளில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

அம்மாவைக் கட்டிக்கொண்டு குதிக்கப் போகும் பயிற்சியாளர் நல்ல உயரமான கன்னடப் பையன். புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு என் ட்ராக் சூட்டில் நின்ற அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்து, "உங்க அம்மாவுக்குத் தெரியுமாப்பா இதெல்லாம்?" என்றாள். "கொத்தும்மா, தெரியும். ஆனா ஒரு தபாகூட வந்து பாத்ததில்ல" என்றான் அவன். "நீ சாப்பிடறப்ப அவங்க சாப்பிடறாங்களான்னு கேட்டுப் பாரு" என்றாள் அம்மா.

விமானத்துக்குள் நாற்காலி கிடையாது. எல்லாரும் தரையில் காலை விரித்து, ஒருவர் மடியில் ஒருவர் போல வரிசையாக உட்கார வேண்டும். மேலே ஏறியதும், குதிக்கும் முன்பு எல்லாரோடும் கை தட்டி, முஷ்டியை முஷ்டியோடு முட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அம்மா ஒருவரையும் விடவில்லை. கடைசியில் என் பக்கம் வந்தாள். முட்டவில்லை. என் ஹெல்மெட் வாரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்பது போல விட்டாள்.

கதவு திறந்தது. நான் வெளியே கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு காத்திருந்தேன். வாசலில் அம்மாவின் முகம் வந்தது. பல்லைக் கடிக்கவில்லை, கண்ணை மூடவில்லை. வார்டில் நோயாளியைத் தூக்குவதற்கு முன் வைத்துக்கொள்ளும் முகம் அது. மூவரும் சேர்ந்து விழுந்தோம்.

எத்தனை பேரைப் படம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு முகத்தை எடுத்ததில்லை. கன்னம் இரண்டும் காற்றில் படபடக்க, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிய கொண்டையிலிருந்து நரைமயிர் பிய்த்துக்கொண்டு பறக்க, அம்மா என் கேமராவை நேராகப் பார்த்து என்னமோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் இரண்டு கையையும் அகல விரித்தாள். என் அம்மா! கயிற்றைத் தாண்டப் புடவையைத் தூக்கிப் பிடிக்கிறவள், வானத்தில் கையை விரித்துக்கொண்டு போகிறாள்! நான் அழுதேன், தலை மட்டும் ஆடாமல் அழுதேன்.

அவர்கள் பாராசூட் விரிந்தது. அம்மா சட்டென்று மேலே போய்விட்டாள். அப்படித்தான் தெரியும். அவர்கள் உயரத்திலேயே விரித்துக்கொள்வார்கள். படம் எடுப்பவள் விழுந்துகொண்டே விலகிப் போய்க் கீழே விரிக்க வேண்டும். விரியும்போது தலையைத் தாழ்த்தி ஆடாமல் வைத்திருக்க வேண்டும். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்றைக்கு என் பாராசூட் விரிகிற அந்த நேரத்தில், அம்மா சரியாகத் தொங்குகிறாளா என்று அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு கயிறு கேமராவில் மாட்டிக்கொண்டது. தலையைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தது. பாராசூட் ஒரு பக்கமாகக் கோணி, என்னைச் சுற்ற ஆரம்பித்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. தரை, வானம், தரை, வானம்.

இந்த இடத்தில்தான் நான் என்னை மெச்சிக்கொள்வேன், யார் என்ன சொன்னாலும். அல்சூர் பஸ் ஸ்டாப்பில், ஆபீஸ் லிஃப்டில், சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது என்று எங்கே நின்றாலும் இரண்டு கையையும் மார்பருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன். பேய் பிடித்தவள் போல இருக்கிறது என்று அம்மா திட்டுவாள். அந்தக் கை தானாகவே வேலை செய்தது. முதலில் தாடைக்குக் கீழே இருந்த நாடா. இழுத்தேன், ஹெல்மெட் கழன்று பறந்தது. அம்மாவின் முகமும் அதோடு போகிறது என்று அந்த நேரத்திலும் மனசுக்குத் தோன்றியது. மேலே பார்த்தேன். கயிறுகள் முறுக்கிக்கொண்டுவிட்டன, சுற்று நிற்கவில்லை. உயரம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. வலது பக்கச் சிவப்புப் பிடியை இழுத்தேன். கெட்டுப்போன பாராசூட் என்னை விட்டுப் போனது. மறுபடி விழுந்தேன். இடது பக்கப் பிடியை இழுத்தேன். முதுகிலிருந்து இரண்டாவது பாராசூட் வெடித்து வெளியே வந்தது. ரிசர்வ் என்போம் அதை. ஆபத்துக்கென்று கூடவே சுமக்கும் வெள்ளைப் பாராசூட். அத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் நிறத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அம்மா மேலே தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருப்பாள்.

பார்த்திருக்கிறாள். அந்தப் பையன் பிற்பாடு சொன்னான். என் பாராசூட் கழன்று தனியாகப் போனதும், "அம்மா, ஆ கடே, அந்தப் பக்கம் பாருங்க, மலை தெரியுது" என்று அவளைத் திருப்பப் பார்த்தானாம். "விடுப்பா, நான் பாக்கணும்" என்றிருக்கிறாள். "செகண்ட் ஒண்ணு இருக்கும்மா, செகண்ட் ஒண்ணு இருக்கு" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். வெள்ளை விரிந்த பிறகும் தரைக்கு வரும்வரை அம்மா அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம்.

நான் தள்ளி ஒரு ராகிக் காட்டில் இறங்கி, ஜீப்பில் வந்து சேர்ந்தேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து என் கழுத்தெலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினாள். "இப்படித் திரும்பு. அப்படித் திரும்பு. கை மரத்துப் போவுதா?" எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் திட்டினாள்.

"எதுக்குடி மேல பாத்த?"

"உன்னப் பாக்கத்தான்மா."

"என்னை ஒரு ஆளு கட்டிப் புடிச்சிகினுதானே இருந்தான்! உன்னை யாருடி புடிச்சிகினு இருந்தா?"

"மேலே இன்னா கத்தின?" என்று பேச்சை மாற்றினேன். "உன்னைத்தான் திட்டினேன்" என்றாள்.

மத்தியானம் முழுக்கக் காட்டில் தேடினோம். கழற்றிவிட்ட பாராசூட் ஒரு அவரைப் பந்தல்மேல் கிடைத்தது. ஹெல்மெட் கிடைக்கவே இல்லை. அம்மாவும் மறுபடி புடவை கட்டிக்கொண்டு, செருப்போடு வரப்பில் நடந்து தேடினாள். படம் போய்விட்டதே என்று நான் மூக்கைச் சிந்தியபோது, "குதிச்சது நான். எனக்குத் தெரியாதா?" என்றாள். வேணும் என்றோ வேணாம் என்றோ சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் பயம். பையை யாருக்கு விற்பது, அது இருக்கும் அலமாரியின் மேல்தட்டு எப்படிக் காலியாகத் தெரியும் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கண்ணெதிரே மகள் விழுவதைப் பார்த்த தாய் வேறு என்ன சொல்வாள்?

திரும்பி வந்ததும் அந்தப் பையன் என் முதுகில் தட்டி, "சரி, பாட்டில் யாவாக, எப்ப?" என்றான். "இன்னா பாட்டில்?" என்றாள் அம்மா. நான் அவனுக்குக் கண் காட்டினேன், அவன் பார்க்கவில்லை. அவரவர் பாராசூட்டை அவரவரே மடித்தாலும், ரிசர்வை மடிக்க அதற்கென்று லைசென்ஸ் வாங்கியவர் வேண்டும், அவர் மடித்த ரிசர்வ் ஒருவரைக் காப்பாற்றினால் காப்பாற்றப்பட்டவர் அவருக்கு ஒரு நல்ல சரக்கு பாட்டில் வாங்கித் தருவது உலகம் முழுக்க வழக்கம் என்று அவன் விளக்கமாகச் சொல்லிவிட்டான்.

எங்கள் வீட்டில் பாட்டில் என்றால் எண்ணெய் பாட்டில்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி அடிபட்டு வார்டுக்கு வந்து சேர்ந்த உடம்புகளைத் துடைத்துத் துடைத்து, அந்த வாசனையே ஆகாது அம்மாவுக்கு. என் மாமா ஒரு பொங்கலுக்குக் குடித்துவிட்டு வந்ததற்கு அவரை வாசலோடு அனுப்பியவள்.

"வண்டியை எடு" என்றாள் அம்மா.

வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னாள். ஒயின் ஷாப்புக்கு எதிரே. நான் இறங்குவதற்குள் அவளே இறங்கிப் போய்விட்டாள். வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்னடத்தில் கேட்டாள்: "இதரல்லி ஒள்ளேது யாவுதப்பா? ஒள்ளேதே கொடு." இருப்பதில் நல்லதைத்தான் கேட்டாள். கடைக்காரன் எழுந்து நின்று எடுத்துக்கொடுத்தான்.

ரிசர்வ் மடிப்பவர் ஒசூர்க்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் திரும்பியபோது கொட்டகையில் என்னுடைய வெள்ளைப் பாராசூட்டை விரித்து வைத்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பாட்டிலைக் காகிதத்தோடு அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் மடிச்சீங்களா?"

"ஆமாங்கம்மா."

"என் வார்டுல மேலேருந்து விழுந்தவங்களை வருஷக்கணக்காப் பாத்தேன். எல்லாம் கூலிக்கு ஏறினவங்க. ஒருத்தனுக்காவது ரெண்டாவது குடைன்னு ஒண்ணு மடிச்சு வைக்க ஆளு இருந்துச்சா? இருந்திருந்தா பாதிப் பேரு எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க." நான் கிட்டே போனேன், கையால் தள்ளிவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள்:

"இதை மறுபடி மடிக்க எவ்ளோ நேரம் ஆவும்ங்க? அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு இவளுக்கு வேணும்."